தானாக நின்ற ஒழுகல்

என் பெண்டாட்டியைப் பார்த்து யாராவது "பாவம்" என்று சொன்னால், சொன்னவர்மேல்தான் எனக்கு இரக்கம் வரும். அது அவள் காதில் விழுந்துவிட்டால் அந்த ஆள் கதி என்ன ஆகும் என்று எனக்குத்தானே தெரியும். கூடவே குப்பை கொட்டுகிறவன் நான்.

அவள் குழாய் வேலை செய்கிறவள். எங்கள் பக்கத்தில் அவளைக் குழாய்க்காரம்மா என்றால்தான் தெரியும். சிங்க் அடைத்துக்கொண்டாலும், மாடித் தொட்டி நிரம்பி வழிந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் குழாய் சாமான் விற்கிற கடையில் கவுண்டரில் நிற்கிறவன். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், நான் கொடுத்த வாஷர் அளவு தப்பு என்று கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் எதிரிலேயே என்னைக் கிழித்துத் தொங்கவிட்டாள். அடுத்த தடவை வேண்டுமென்றே தப்பான வாஷரைக் கொடுத்தனுப்பினேன். திட்டுவதற்காவது திரும்பி வருவாளே என்றுதான். வந்தாள், திட்டினாள். ஆனால் அந்த இரண்டாவது வாஷரை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவள் கருவிப் பையில் இன்னும் கிடக்கிறது. கேட்டால் "மறந்துட்டேன்" என்பாள்.

அவளுக்கு நெஞ்செரிச்சல் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. வேலை அப்படி. அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, சாப்பிட்ட கையோடு சிங்குக்கு அடியில் தலையைக் கவிழ்த்துப் புகுந்தால், உள்ளே போனது உள்ளேயே இருக்குமா? புளிப்பும் கசப்புமாகத் தொண்டை வரைக்கும் ஏறும். நெஞ்சை இரண்டு குத்து குத்திக்கொண்டு மறுபடி ஸ்பேனரை எடுத்துக்கொள்வாள். டாக்டரிடம் போகலாமே என்றால், "எங்க அப்பா எனக்கு விட்டுட்டுப் போன ஒரே சொத்து இதுதான். அதையும் பிடுங்கணுமா உங்களுக்கு?" என்பாள்.

வேடிக்கையாகத்தான் சொல்வாள். ஆனால் அந்த அப்பா எப்படிப் போனார் என்று குடும்பத்துக்கே தெரியும். காலமெல்லாம் எரியுது எரியுது என்று சோடாவைக் குடித்துக்கொண்டே இருந்த மனிதர், கடைசியில் சோடாவைக்கூட விழுங்க முடியாமல் போனார். உணவுக்குழாயில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், அந்தக் குழாய்தான் அப்பாவைக் கொன்றது என்று இன்று வரைக்கும் சாதிப்பார். "கை வைக்காம விட்டிருந்தா இன்னும் இருந்திருப்பாரு மாப்பிள்ளை. குழாயை உள்ள விட்டாங்க, உடனே பரவிடுச்சு." அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற பிரேக்கை மிதித்தே பழகிய மனிதர். வீட்டிலும் அப்படித்தான். யார் எதை ஆரம்பித்தாலும் முதலில் அவர் கால் பிரேக்குக்குப் போய்விடும்.

கடைசியில் ஒருநாள், ஒரு வீட்டு மாடியில் வேலை செய்துகொண்டிருந்தவளுக்கு நெஞ்சு அடைப்பது மாதிரி வலித்து, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாரடைப்போ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இதயம் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லி வயிற்று டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார், உள்ளேயிருந்து துளித்துளியாகச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்து, படம் போட்டுக் காட்டினார்.

"வயித்துக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல மூடி மாதிரி ஒண்ணு இருக்கும்மா. உங்களுக்கு அது சரியா மூடல. அமிலம் மேல ஏறி ஏறி, அந்த இடம் ரொம்ப வருஷமா புண்ணாவே இருந்திருக்கு. புண்ணு ஆறி ஆறி, இப்ப அடிப்பக்கம் உள்தோலே வேற மாதிரி மாறிப் போச்சு."

"வாஷர் போயிடுச்சுன்னு சொல்லுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்படியே வச்சுக்குங்க."

"சரி, இது புற்றுநோயா?" என்று நேராகக் கேட்டாள்.

"இல்ல. ஆனா இப்படி மாறின இடத்துல பின்னாடி புற்றுநோய் வர்றதுக்கு மத்தவங்களை விட உங்களுக்கு வாய்ப்பு கூட. முக்கால்வாசிப் பேருக்கு மேல வர்றதே இல்ல. யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு முன்கூட்டியே எங்களுக்கும் தெரியாது. அதனால மாத்திரையை விடாம போடணும், நான் சொல்ற சமயத்துல வந்து மறுபடி உள்ள பாத்துக்கணும். ஆரம்பத்திலேயே பிடிச்சுட்டா ஒண்ணும் பயமில்ல."

"வரலாம், வராமயும் போகலாம். அவ்வளவுதானே?" என்று எழுந்துவிட்டாள். "இதுக்கா இவரு மூஞ்சி இப்படிப் போகுது?"

மறுநாளே மச்சான் குடும்பத்தோடு வந்து இறங்கினார். கை நிறையப் பழம். உட்கார்ந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி, என் பெண்டாட்டிக்கு அண்ணி, குரலைத் தாழ்த்தி, "தூக்கம் வருதா? சாப்பாடு இறங்குதா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து சுவரோரமாக நின்றார்கள்.

"பாப்பா, இனிமே நீ வேலைக்குப் போக வேண்டாம்," என்றார் மச்சான். அவளுக்கு நரை வந்த பிறகும் அவர் ஒருவருக்கு மட்டும் அவள் பாப்பாதான். "அப்பாவை அந்தக் குழாய் விட்டுத்தான் கொன்னாங்க. நீயும் போய் விட்டுக்கிட்டு வந்திருக்கே. இன்னொரு தடவை அந்தப் பக்கமே போகாதே." சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து வாயில் போட்டு மென்றார். அவர் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பவர்தான். நான் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

என் பெண்டாட்டி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "என்ன, துக்கம் விசாரிக்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? நான் இன்னும் சாகல. காபி போடறேன், குடிச்சிட்டு அவங்கவங்க வேலையைப் பாருங்க. அண்ணி, உங்க வீட்டு சமையலறைக் குழாய் சொட்டுதுன்னு சொன்னீங்களே, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். அதுவரைக்கும் உயிரோடதான் இருப்பேன்."

அன்று மத்தியானமே, வேண்டுமென்றே, பக்கத்து வீட்டு மொட்டைமாடித் தொட்டிமேல் ஏறி நின்று, தெருவே பார்க்கும்படி வேலை செய்தாள். சுவரோரமாக நின்றவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, இருந்தாலும் ஏணியை விட்டு நகரவில்லை.

மாத்திரையைக் கொஞ்ச காலம் ஒழுங்காகப் போட்டாள். படுக்கும்போது தலைப்பக்கம் உயரமாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் கனத்த இரும்புக் குழாய்த் துண்டுகளை நிறுத்தினாள். அன்றிலிருந்து தினமும் நான் விடியும்போது கட்டிலின் கால்மாட்டில் சுருண்டு கிடப்பேன். அவள் மட்டும் ஆணி அடித்த மாதிரி இருந்த இடத்திலேயே இருப்பாள்.

பிறகு எரிச்சல் நின்றது.

முதலில் குறைந்தது, அப்புறம் அடியோடு போய்விட்டது. மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் எரியவில்லை. நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். "பாத்தீங்களா? குணமாயிடுச்சு." அவள் எரிச்சல் இல்லாமல் சாப்பிட்டு நான் பார்த்ததே அப்போதுதான். யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? மறுபடி சோதனைக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது போனைப் பிடுங்கி, "எனக்கு எரியலம்மா. எரியறவங்களைக் கூப்பிடுங்க," என்று வைத்துவிட்டாள்.

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல. அந்தப் பக்கம் போகாம இருந்தாலே எல்லாம் சரியாப் போயிடும்." வாழ்க்கையிலேயே அண்ணனும் தங்கையும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். இரண்டு பேரையும் எதிர்த்துப் பேசி என் தொண்டை கிழிந்ததுதான் மிச்சம்.

"டாக்டர் எரிச்சலைப் பத்திச் சொல்லலடி. உள்ள தோல் மாறியிருக்குன்னு சொன்னாங்க. அதைப் போய்ப் பாக்கணும்."

"என் உடம்பு எனக்குத் தெரியாதா? நீங்க கவுண்டர்ல நின்னு வாஷர் எண்ணுங்க."

எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

அதற்குப் பிறகு ரொட்டி சிக்க ஆரம்பித்தது. விழுங்கியது நெஞ்சுக்குழிக்கு மேலே ஓரிடத்தில் நின்று, யோசித்து, அப்புறம் இறங்கும். அவள் என்னிடம் சொல்லவில்லை. சாப்பிடுகிறபோது நடுவில் நிறுத்தி நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். சும்மா இருப்பாளா? தொழில் தெரிந்தவள் ஆயிற்றே. ஒருநாள் அடுப்பிலிருந்து அப்படியே இறக்கிய தண்ணீரை, ஆவி பறக்கப் பறக்க, வாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"என்ன செய்யறே நீ?"

"சிங்க்ல எண்ணெய்ப் பிசுக்கு அடைச்சா என்ன செய்வோம்? கொதிக்கக் கொதிக்க ஊத்துவோம்ல. இதுவும் அப்படித்தான். கொஞ்ச நாளா ஊத்திட்டிருக்கேன், இறங்குது."

டம்ளரைப் பிடுங்கினேன். என் கை சுட்டது. கை சுடுகிற தண்ணீரை இவள் தொண்டைக்குள் ஊற்றியிருக்கிறாள். "பிளாஸ்டிக் குழாய்க்கே கொதிதண்ணி ஊத்தாதீங்க, வளைஞ்சுடும்னு ஊரெல்லாம் கத்துறியே, உன் நெஞ்சுக்குள்ள என்ன இரும்புக் குழாயா வச்சிருக்கே?"

"கத்தாதீங்க. தெருவுல கேக்கப் போகுது," என்றாள் அவள். தெருவே கேட்கக் கத்துகிறவள் அவள்.

அந்த வாரம் எனக்குக் கடை விடுமுறை. சாமான் தூக்க ஆள் இல்லை என்று என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு தையல்கார அம்மா வீட்டுக்குப் போனாள். குளியலறைச் சுவரில் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். கதவைத் திறந்த தையல்கார அம்மா, "ஐயோ, உங்களுக்குச் சொல்லணும்னு நெனச்சேன். ஒழுகல் தானா நின்னுடுச்சும்மா. இனி வேண்டாம்," என்றார்.

என் பெண்டாட்டி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஒழுகல் தானா நிக்குமா? நான் எத்தனை வீட்டுல பாத்திருக்கேன். நின்னா, தண்ணி வேற வழி பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இவ்வளவு நாளும் வெளியில சொட்டுச்சு, உங்களுக்குத் தெரிஞ்சுது. இப்ப தெரியாம சுவத்துக்குள்ள அரிச்சுக்கிட்டிருக்கும். ஒழுகும்போது பயந்தீங்க, நின்னதும் நிம்மதியாயிட்டீங்க. பயப்பட வேண்டியதே இப்பத்தான்."

எனக்கு அடக்க முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்துவிட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்ன?"

"ஒண்ணுமில்ல. தூசி."

சுவரை உடைத்தாள். உளியை வைத்து இரண்டு தட்டுத்தான் தட்டியிருப்பாள். உள்ளே செங்கல் ஊறி, விரல் பட்டாலே உதிர்ந்தது. தையல்கார அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். என் பெண்டாட்டி அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பேசாமல் வேலை செய்தது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். பாதி வழியில், தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "நீங்க எதுக்குச் சிரிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். வாயைத் திறந்தீங்கன்னா இங்கேயே இறக்கி விட்டுடுவேன்."

ஸ்கூட்டர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது.

டாக்டரம்மா அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். எரிச்சல் நின்றது குணமானதால் இல்லையாம். மாறிப்போன தோலுக்குச் சில பேருக்கு அமிலம் பட்டாலும் உறைக்காதாம். கொதிதண்ணீர் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "புண்ணான இடத்துல தினமும் சூடு வச்சிருக்கீங்க. அவ்வளவு சூடா குடிக்கிறதே அந்தக் குழாய்க்குக் கெடுதல்." என் பெண்டாட்டி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். யாராவது திட்டி அவள் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கிற பாக்கியம் எனக்கு அன்றுதான் கிடைத்தது. ஆனால் ரசிக்க முடியவில்லை.

மறுபடி குழாய், மறுபடி சதைச் சோதனை. மாறின தோலின் நடுவில் ஒரு சின்ன இடம். "இன்னும் புற்றுநோயாகல. ஆனா இதுக்கு அடுத்த படி அதுதான்," என்றார் டாக்டரம்மா. வயிற்றைக் கிழிக்காமல், அதே குழாய் வழியாகவே அந்த இடத்தைச் சுரண்டி எடுத்தார்கள். மிச்சமிருந்த மாறின தோலையும், சில மாதம் விட்டு விட்டு வரச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டு அழித்தார்கள். இனி காலம் முழுக்க மாத்திரையும் உண்டு, அவ்வப்போது உள்ளே பார்ப்பதும் உண்டு.

எடுத்த அன்று நான் நடைபாதையில் நின்று அழுதுவிட்டேன். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "படுத்திருக்கிறது நான். நீங்க ஏன் மூக்கைச் சிந்துறீங்க?"

இரண்டாவது கேள்வியை டாக்டரம்மாவிடம் கேட்டாள். "எங்க அப்பாவுக்குக் குழாய் விட்டதாலதான் பரவிடுச்சுன்னு வீட்டுல சொல்றாங்க. நிஜமா?"

"இல்லம்மா. அது அப்படிப் பரவாது. முத்தின பிறகு வந்திருப்பாரு. குழாய் போய்ப் பாத்துச்சு, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசனையாகவே வந்தாள். கடைசியில், "அண்ணா அந்த வெள்ளை மாத்திரையை எவ்வளவு நாளா மெல்லுறான்?" என்றாள். அது நெஞ்செரிச்சலுக்கு மெல்லுகிற மாத்திரை என்று அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த போட்டோவிலேயே மச்சான் கன்னம் உப்பியிருக்கும்.

மறுநாளே மச்சான் வீட்டுக்குப் போனோம். அண்ணி போட்டு உடைத்துவிட்டார். "உக்காந்துக்கிட்டேதான் தூங்குறாரு. படுத்தா மேல வருதாம். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு." மச்சான் எரிந்து விழுந்தார். "என் உடம்பு எனக்குத் தெரியாதா? அந்தக் குழாயை என் வாய்க்குள்ள யாரும் விட முடியாது. போங்க எல்லாரும்."

அவள் என் பக்கம் சாய்ந்து, "நானும் இப்படித்தான் பேசினேனா?" என்று கேட்டாள்.

"இதை விட மோசமா."

கெஞ்சினாள். தனக்கு எடுத்ததைச் சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். வாயைத் திறந்து உள்ளே காட்டாத குறைதான். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சரி," என்று எழுந்தாள். "அண்ணி, அந்தச் சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுதே, பாத்துட்டுப் போறேன்."

வாசலுக்குப் போய் மெயின் வால்வை மூடினாள். வேலை செய்வதற்கு முன் எப்போதும் செய்வதுதான். பிறகு ஸ்பேனரை எடுத்து வால்வின் பித்தளைக் கைப்பிடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். உள்ளே வந்து, "அண்ணா, இனிமே இந்த வீட்டுல ஒரு சொட்டு வராது. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன். நீ வந்து உள்ள போயிட்டு வா, வந்து மாட்டி விடறேன். வரலேன்னா குளிக்காம நாறு," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

வீடு போய்ச் சேர்வதற்குள் எனக்குப் போன். "மாப்பிள்ளை, உங்க பெண்டாட்டி செய்யறது நல்லாயில்ல. சொல்லி வைங்க."

"மச்சான், என் வீட்டு வால்வும் அவ கையிலதான் இருக்கு."

மச்சான் வேறு யாரையாவது கூப்பிட்டுப் புதுக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருக்கலாம்தான். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். குழாய்க்காரம்மா மூடின வால்வு என்றதும் ஒருத்தரும் வர மாட்டேன் என்றுவிட்டார்கள். அண்ணி தன் பங்குக்கு அக்கம்பக்கத்தில் போய், தன் வீட்டுக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தால் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

மறுநாள் காலையில் மச்சான் வந்தார். கழுவாத முகம், கலைந்த தலை, நேற்றைய சட்டை. தங்கையை முறைத்துக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முறைப்பு கொஞ்ச நேரம்தான் தாங்கியது.

"பாப்பா, அப்பா அன்னைக்கு இதே மாதிரி ஒரு பெஞ்சுலதான்..."

"அப்பா கடைசியில வந்தாரு. நீ முன்னாடியே வந்திருக்கே. எழுந்திரு."

"உள்ள ஏதாவது இருந்தா?"

"இருந்தா எடுப்பாங்க. இல்லேன்னா வீட்டுக்குப் போய்க் குளி. எதுவா இருந்தாலும் அப்பாவை விட்ட மாதிரி உன்னை விட மாட்டேன்."

நர்ஸ் வந்து கூப்பிட்டார். மச்சான் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து வால்வுக் கைப்பிடியை எடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தனக்காக அந்தக் கதவுக்குள் அத்தனை முறை போனபோதும் அவள் எதையும் இப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. முந்தானையை எடுத்துக் கைப்பிடியை அழுத்தி அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சீறினாள்.

"என்ன பாக்கறீங்க? துருப்பிடிச்சிருக்கு. தேச்சுக்கிட்டிருக்கேன்."

பித்தளை துருப்பிடிக்காது. குழாய் சாமான் விற்கிற எனக்கு அது தெரியாதா? நான் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.